பல்கலைக்கழக அலுவலகத்தில் வீட்டிலிருந்து வேலை: எந்த வேலைக்கு, யாருக்கு?

கேள்வி, 8 ஜூன் 2024

எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் 2 நாள் அலுவலகம், 3 நாள் வீடு. இங்கே அது எங்களுக்குச் சட்ட உரிமை. அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) முடியாமல் இருப்பதால் அடுத்த வருடம் ஊரோடு வந்துவிட நினைக்கிறேன். நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்களில் அலுவலக ஊழியர்களுக்கு இப்படி ஏதாவது உண்டா? கோப்பெல்லாம் கணினிக்கு வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். பிறகு எதற்குத் தினமும் போய் உட்கார வேண்டும்?

9 ஜூன்

இல்லை தங்கச்சி. எழுத்தில் எதுவும் இல்லை.

நான் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளர். 29 வருட சர்வீஸ். வீடு கானாடுகாத்தான் பக்கம், வேலை திருச்சிப் பக்கம். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். செட்டிநாடு ஸ்டேஷனில் ஏறி, திருமயம், புதுக்கோட்டை தாண்டிப் போய் இறங்கி, அங்கிருந்து பஸ். வாசலிலிருந்து வாசலுக்கு இரண்டேகால் மணி நேரம். திரும்ப அதே. நீங்கள் கேட்டது எனக்கு ஊர்வம்பு இல்லை, சொந்தக் கவலை.

ஆனால் "கோப்பெல்லாம் கணினிக்கு வந்துவிட்டது" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தேர்வுப் பிரிவைப் பாருங்கள். விடைத்தாள் கட்டு கட்டாக வரும். முகப்புப் பகுதியைக் கிழித்தெடுத்து டம்மி நம்பர் போட வேண்டும். யார் தாள் என்று திருத்துகிறவருக்குத் தெரியக் கூடாது. அந்த அறைக்குள் நாங்கள் கைப்பேசியைக்கூடக் கொண்டுபோவதில்லை. அதை எப்படி வீட்டுக்குத் தூக்கிப்போவது? எங்கள் பிரிவுக்கு வீடு சரிப்படாது. கணக்குப் பிரிவு, சேர்க்கைப் பிரிவு வேண்டுமானால் யோசிக்கலாம்.

11 ஜூன்

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது. "எழுத்தில் எதுவும் இல்லை" என்றேன். அலுவலக ஊழியருக்குத்தான் இல்லை. ஆசிரியருக்கு இருக்கிறது, வேறு பெயரில்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறையை எடுத்துப் பாருங்கள். ஆசிரியரின் பணிச்சுமை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, ஆண்டுக்கு 30 வாரம், அதாவது 180 கற்பித்தல் நாள். இதில் நேரடி வகுப்பு உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி. அடுத்த வரிதான் முக்கியம்: தினமும் குறைந்தது 5 மணி நேரம் வளாகத்தில் இருக்க வேண்டும். எங்களைப் போல வாரத்தில் 5 நாள் என்று வைத்தால் 25 மணி. மீதி 15 மணியை நூலகத்திலோ வீட்டுத் திண்ணையிலோ செய்துகொள்ளலாம் என்றுதானே அதற்கு அர்த்தம்?

ஒரே கட்டடம். மாடியில் இருப்பவருக்கு 5 மணி. கீழே இருக்கிற எங்களுக்கு 10 மணி முதல் 5.45 வரை, உள்ளே வரும்போது ஒரு கைரேகை, போகும்போது ஒரு கைரேகை.

11 ஜூன், இரவு

காலையில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பேராசிரியை நீளமாகப் பதில் போட்டிருக்கிறார். ஆய்வு மாணவரின் அத்தியாயத்தைத் திருத்துவது, வினாத்தாள் எடுப்பது, தர மதிப்பீட்டுக்குப் புள்ளிவிவரம் நிரப்புவது எல்லாம் இரவு 11 மணிக்குத்தான் நடக்கிறது, அந்த 15 மணி எப்போதோ 30 ஆகிவிட்டது என்கிறார். சரிதான். எங்கள் விடைத்தாள் மதிப்பீட்டு முகாமுக்கு வருகிறவர்களின் கண்ணைப் பார்த்தாலே தெரியும். ஆசிரியரிடமிருந்து பிடுங்கி எங்களுக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வேலையில் ஒரு பங்கு வளாகத்துக்கு வெளியே நடக்கலாம் என்று அவர்கள் விஷயத்தில் ஒப்புக்கொண்டவர்கள், எங்கள் விஷயத்தில் யோசிக்கவே இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

16 ஜூன்

ஞாயிற்றுக்கிழமை. ஆத்தா (என் அம்மா) தூங்குகிறது. 2020ஐப் பற்றி எழுத இப்போதுதான் நேரம் வாய்த்தது.

அதற்கு முந்தைய வருடம் வரை நான் திருச்சியில் வாடகை வீட்டில்தான் இருந்தேன். 2019 கார்த்திகையில் இரண்டாங்கட்டுப் படியில் ஆத்தா வழுக்கி விழுந்தது. எங்கள் வீட்டில் நாலு பங்கு, மூன்று பங்கு பூட்டிக் கிடக்கிறது. அத்தனை பெரிய வீட்டில் கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை. தண்ணீர் ஊற்ற வந்த பெண்தான் பார்த்திருக்கிறாள். இடுப்பு எலும்பு. அன்றைக்கு நான் மதிப்பெண் பட்டியல் அச்சுக்கு நின்றுகொண்டிருந்தேன். அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டோம். என் மனைவிக்குக் காரைக்குடியில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. பயணம் என் தலையில் விழுந்தது, விழட்டும்.

மார்ச் 2020இல் எல்லாம் நின்றது. மே 18க்குப் பிறகு 50 சதவீத ஊழியர், வாரத்தில் 6 நாள் என்று அரசு அலுவலகங்கள் நடந்தன. எங்களையும் இரண்டு அணியாகப் பிரித்தார்கள். வராத நாளில் வீட்டிலிருந்து வேலை. அதற்கு ஆணை என்று ஒன்றும் வரவில்லை, வாட்ஸாப் குழுவில் ஒரு வரி வந்தது.

செட்டிநாட்டு வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சுவருக்குள் சிக்னல் நுழையாது. பட்டாலையில் (உள்கூடத் திண்ணையில்) உட்கார்ந்தால் காற்று வரும், இணையம் வராது. முகப்பில் தூண் ஓரமாகக் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தால் இரண்டு புள்ளி வரும். கடைசியில் ஃபைபர் இழுத்து, சுவரில் துளை போட ஆள் வைத்தோம். அரை நாள் துளைத்தான் பாவம். எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) காலத்துச் சுவர் அது.

ஜூம் கூட்டத்தில் குரல் கேட்டால் ஆத்தாவுக்கு விருந்தாள் வந்திருக்கிறார்கள் என்று நினைப்பு. பதிவாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து, "யாரு வந்திருக்காக? சாப்பிட்டாகளா? கேளுடா!" என்று சத்தம். ஒலியை அடைக்க மறந்திருந்தேன். அவர் சிரித்துவிட்டு, "சாப்பிட்டாச்சு ஆச்சி" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் ஆச்சி நலமா என்றுதான் ஆரம்பிப்பார்.

வேலை நடந்ததா என்றால், நடந்தது. அந்த ஆகஸ்டில் அரியர் மாணவர்களைப் பற்றிய அரசு அறிவிப்பு வந்தது. கட்டணம் கட்டியவர் யார், கட்டாதவர் யார் என்று பட்டியல் பிரித்ததில் பெரும்பகுதி முகப்பில் உட்கார்ந்து முடித்ததுதான். பிறகு இணையவழித் தேர்வு வந்தபோது மாணவர்கள் வீட்டில் எழுதி, ஸ்கேன் செய்து அனுப்பி, அசலைத் தபாலிலும் போட்டார்கள். சாக்கு சாக்காக உறை வந்து இறங்கியது. ஸ்கேனையும் உறையையும் ஒத்துப் பார்க்க யாராவது அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டியிருந்தது. அணி பிரித்து வந்ததில் ஒரு வாரம் ஆள் குறைந்தது. ஒரு மாணவிக்கு ஒரு தாளில் "வரவில்லை" என்று விழுந்துவிட்டது. உறை, மேசைக்கு அடியில் வேறு கட்டில் கிடந்தது. அவள் அப்பா மூன்று முறை போன் செய்த பிறகுதான் தேடினோம். என் பிரிவு, என் பொறுப்பு. திருத்திக் கொடுத்தேன், ஆனால் அவளுடைய மேற்படிப்பு விண்ணப்பத்துக்கு நாள் தாண்டிவிட்டது.

வீட்டிலிருந்து வேலை என்று யார் பேசினாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த உறைதான்.

23 ஜூன்

கேள்வி கேட்ட தங்கச்சி தனியாக ஒன்று எழுதியிருந்தது: "கண்ணில் படாமல் வேலை பார்ப்பவரை நம்புவது நம் ஆட்களுக்குப் பழக்கமில்லை, அதுதான் சிக்கல்."

நம் ஆட்களுக்கா? செட்டிநாட்டுக்காரி இதைச் சொல்லலாமா?

எங்கள் ஐயா பர்மாவில் ஒரு வட்டிக்கடைக்கு அடுத்தாளாக (உதவியாளராக) போய் மேலாளாக (கடையின் பொறுப்பாளராக) ஆனவர். 1942இல் ரங்கூன் விழுந்த சமயம் ஊர் திரும்பினார். அவருடைய சம்பளச் சீட்டு, அதாவது வேலை ஒப்பந்தம், இன்றும் பெட்டகத்தில் இருக்கிறது. ஒரு தவணை மூன்று வருடம். முதலாளி இங்கே ஊரில், ஏஜண்டு கடல் தாண்டி. மூன்று வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். பார்ப்பது கணக்கைத்தான். பேரேடு, ஐந்தொகை (சொத்து, கடன் நிலையைக் காட்டும் கணக்கு), கடிதம். ஐந்தொகை நேராக இருந்தால் ஆள் நேராக இருக்கிறார். கப்பலில் கடிதம் போய் வர வாரக் கணக்காகிற காலத்தில், லேவாதேவியை, அதுவும் அடுத்தவர் பணத்தை, இப்படித்தான் நடத்தினார்கள். மூன்று வருடம் முடிந்து ஊருக்கு வந்து கணக்கு ஒப்படைத்தால் உண்டு மறுபடி பயணம்.

என்னை எடுத்துக்கொள்ளுங்கள். 29 வருடமாக மேலதிகாரியும் நானும் ஒரே கட்டடத்தில். இந்த வாரம் என்ன முடித்தாய் என்று ஒரு தடவைகூட என்னிடம் கேட்டதில்லை. கைரேகை 10.10க்கு விழுந்தது ஏன் என்று பல தடவை கேட்டிருக்கிறார்கள். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதைவிட, நம்புவதற்கு ஒரு கணக்கு வேண்டும். எங்களிடம் தன்பதிவேடு இருக்கிறது, எந்தக் கோப்பு எத்தனை நாளாக யாரிடம் இருக்கிறது என்று அதிலேயே தெரியும். அதை ஒழுங்காகப் பார்த்தாலே போதும்.

24 ஜூன்

கிட்டங்கி என்றால் என்ன என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நேற்று அந்தச் சொல்லையே நான் எழுதவில்லை, ஆனாலும் நல்ல கேள்வி. சரக்கு வைக்கிற இடம் என்பதுதான் சொல்லின் பொருள். பர்மாவிலும் பினாங்கிலும் நம்மவர்கள் தொழில் செய்து தங்கிய நீளக் கூடத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரே கூடத்தில் பல கடை. ஒவ்வொரு கடைக்கும் தரையில் ஒரு பெட்டி, பின்னால் ஒரு அலமாரி. பகலில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கணக்கு. இரவில் அதே இடத்தில் பாய். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லாருக்கும் அதே தரை.

இதை எழுதும்போதே நேற்று எழுதியதில் ஒரு பாதியை விட்டுவிட்டேன் என்று தெரிகிறது. ஐயாவுக்கு வேலை செய்கிற இடமும் தூங்குகிற இடமும் ஒன்று. பெண்டாட்டி பிள்ளை ஊரில். எங்கள் அப்பத்தா முதல் பிள்ளையைப் பெற்றபோது அவர் இங்கே இல்லை. என் முகப்பும் 2020இல் கிட்டங்கியாகத்தான் இருந்தது. இரவு 10.30க்குப் போன், "அந்தப் பட்டியலை மட்டும் அனுப்பிவிடுங்களேன்." ஆத்தாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு மறுபடி முகப்புக்குப் போய் உட்காருவேன். வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை போதும், மறுக்க முடியாது.

ஆகவே ஆணை வந்தால் அதில் நேரமும் இருக்க வேண்டும். 10 முதல் 5.45 என்றால் 5.45தான்.

30 ஜூன்

தங்கச்சி "சட்ட உரிமை" என்று எழுதியதைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 6 முதல், வேலை முறையை இப்படி மாற்றித் தரும்படி வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே கேட்கலாம். முன்பு 26 வாரம் காத்திருக்க வேண்டும். 12 மாதத்தில் 2 முறை கேட்கலாம், நிர்வாகம் 2 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுப்பதற்கு 8 காரணம் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. செலவு கூடும், இருக்கிற ஆட்களுக்குள் வேலையைப் பிரிக்க முடியாது, தரம் குறையும், இப்படி.

அதாவது அது கேட்கிற உரிமை. கிடைக்கிற உரிமை இல்லை. உங்கள் 3 நாள் உங்கள் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டதால் வந்தது, சட்டத்தால் நேராக வந்ததில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நான் 2022இல் ஒரு மனு கொடுத்தேன், புதன்கிழமை மட்டும் வீட்டிலிருந்து பார்க்கிறேன் என்று. ஆம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. ஆஸ்திரேலியாவில் 21 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அங்கே கேட்கத் தகுதியுள்ளவர்கள் பட்டியலில் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களோடு, முதியவரைப் பராமரிப்பவரும் 55 வயது ஆனவரும் இருக்கிறார்கள். எனக்கு 56. இரண்டு வகையிலும் நான் வருவேன்.

14 ஜூலை

ஜூன் 9ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தேர்வுப் பிரிவுக்கு வீடு சரிப்படாது என்று நான் சொன்னது தவறு.

ஜூன் 17ஆம் தேதி தொடங்கும் வாரத்திலிருந்து நாலு வாரம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். பக்ரீத் போக 19 வேலை நாள். ஒரு நாளை 14 அரைமணிக் கட்டமாகப் பிரித்தேன். மொத்தம் 266 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்தேன்?

திரையிலேயே தொடங்கித் திரையிலேயே முடிந்த வேலை 118. மதிப்பெண் பதிவைச் சரிபார்ப்பது, கல்லூரிகளின் மின்னஞ்சலுக்குப் பதில், வெளிநாட்டு நிறுவனங்கள் கேட்கும் உண்மைத்தன்மைச் சரிபார்ப்பு, தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு வரைவு, தேர்வு அட்டவணை. தாளைத் தொட்டே ஆக வேண்டிய வேலை 63. விடைத்தாள், முத்திரை, பட்டச் சான்றிதழ் அச்சு. கவுண்டரில் ஆளுக்கு ஆள் பேசியது 41.

மீதி 44 கட்டம், அதாவது 22 மணி நேரம், கையெழுத்துக்காகக் கோப்போடு வெளியே நின்றது.

கூட்டிப் பார்த்தபோது நானே நம்பவில்லை, இரண்டு தடவை கூட்டினேன். திரை வேலை மட்டும் 59 மணி, 8 நாளுக்கு மேல் வருகிறது. 19 நாளில் 8 நாள். அதே 19 நாளில் ரயிலிலும் பஸ்ஸிலும் இருந்தது 85 மணி நேரம்.

ஒரு பிரிவு வீட்டுக்குப் போகுமா போகாதா என்று கேட்டதே தவறு. ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒரே ஆளின் வேலையில் ஒரு பங்கு போகும், ஒரு பங்கு போகாது. போகிற பங்கை ஒரே நாளில் சேர்த்து வைத்தால் வாரத்தில் ஒரு நாள் தாராளமாக, ரிசல்ட் இல்லாத மாதத்தில் இரண்டு நாள். மதிப்பீட்டு முகாம் நடக்கும் மாதத்தில் ஒரு நாளும் கூடாது. நவம்பர், ஏப்ரல் தேர்வுகளுக்குப் பின்னாலேயே முகாம் வரும், தேதி முன்கூட்டியே தெரிந்ததுதான்.

15 ஜூலை

கையெழுத்துக்கு நின்ற 22 மணி நேரத்தைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். கோப்பைக் கணினியிலேயே நகர்த்தும் இ-ஆபீஸ் வந்தால் அது தீருமே என்று. எங்களிடம் பாதிப் பிரிவுக்கு வந்திருக்கிறது. திரையில் இருக்கும் கோப்பை அச்செடுத்து, பச்சை மையில் கையெழுத்து வாங்கி, அதை மறுபடி ஸ்கேன் செய்து திரையில் ஏற்றுகிறோம். அதிகாரி தாளில் பார்த்தால்தான் படித்த மாதிரி இருக்கிறது என்கிறார். அவர் பழகி வந்தது அப்படி. சொல்லித்தர யாரும் இரண்டு நாள் ஒதுக்கவில்லை.

21 ஜூலை

நேற்று சனிக்கிழமை, ரயிலில் பக்கத்து இருக்கையில் ஒரு பெண். ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம். வியாழக்கிழமை எங்கள் வளாகத்துக்குத் தற்காலிகச் சான்று வாங்க வந்திருக்கிறாள். அந்த மேசைக்காரர் இல்லை. "பெர்மிஷன், நாளைக்கு வாங்க." உறவினர் வீட்டில் தங்கி மறுநாள் போயிருக்கிறாள். அன்றைக்கும் மதியத்துக்கு மேல்தான் வந்தாராம். இரண்டு நாள் கூலி போச்சு என்று அவள் அம்மா சொன்னது. அம்மாவும் கூடவே வந்திருந்தது.

என்னிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. நான் எந்த அலுவலகம் என்று அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. இறங்கும்போதுதான் சொன்னேன், மேசை எண்ணையும் எழுதிக் கொடுத்தேன்.

அந்த மேசைக்காரரின் தம்பி மகனுக்கு ஆஸ்பத்திரி. உண்மையான காரணம்தான். எங்களிடம் நெகிழ்வு இல்லாமல் இல்லை, அது சொல்லிக்கொள்ளாமல் நடக்கிறது. அதிகாரியிடம் நெருக்கமாக இருப்பவருக்குக் கிடைக்கும், மற்றவருக்குத் தற்செயல் விடுப்பு 12 நாளில் ஒன்று குறையும். எழுதி வைக்காததால் மாற்று ஆள் ஏற்பாடும் இல்லை. விலையைக் கொடுத்தது ராமநாதபுரத்திலிருந்து வந்த அம்மா.

போன வாரம் போட்ட கணக்கில் ஒரு வரி சேர்க்கிறேன். கவுண்டர் மேசை ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும், இன்றைக்கு யார் இருக்கிறார் என்று வாசலில் பலகையும் இணையதளத்தில் ஒரு வரியும் இருக்க வேண்டும். அது இல்லாமல் எனக்குப் புதன்கிழமை வேண்டாம்.

28 ஜூலை

இதை எழுதத்தான் இத்தனை நாள் தயங்கினேன்.

எங்கள் பிரிவில் தினக்கூலியில் ஒரு தங்கை இருக்கிறாள். 11 வருடமாக. மதிப்பெண் பதிவில் அவள் வேகம் எங்கள் யாருக்கும் வராது. என் 118 கட்டத்தில் நான் செய்தது சரிபார்ப்பு, பதிவு முழுக்க அவள் கை. வேலையின் தன்மையைப் பார்த்தால், வீட்டிலிருந்து செய்ய எல்லாரையும்விடப் பொருத்தமானவள் அவள்தான். ஆனால் அவளுக்குச் சம்பளம் மஸ்டர் ரோலில். வந்து கையெழுத்துப் போட்ட நாளுக்குத்தான் கூலி. வீட்டில் 10 மணி நேரம் பதிவு செய்தாலும் அது நாள் ஆகாது. 2020இல் அணி பிரித்தபோது எனக்கு முழுச் சம்பளம் வந்தது. அவளுக்கு வந்த நாளுக்கு மட்டும். அதை அப்போது நான் கவனிக்கவே இல்லை, அவள் போன வாரம் சொல்லித்தான் தெரியும்.

அவள் ஊருக்குள்ளேயே இருப்பவள், வெள்ளைப் பலகை டவுன் பஸ், 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. "எனக்குப் பயணம் கஷ்டமில்லண்ணே. பாப்பாவுக்குக் காய்ச்சல்னா ஒரு நாள் கூலி போகுது, அதான்" என்றாள்.

காவலாளி, ஆய்வக உதவியாளர், விடுதிச் சமையல்காரர், டிரைவர், துப்புரவுப் பணியாளர். இவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்று எப்படிச் சொல்வீர்கள் என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருந்தார். கோபம் நியாயம். அவர்களுக்கு வேறு விதமாகக் கேட்கலாம்: ஷிப்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, ஒரு வாரத்துக்கு முன்பே டூட்டி அட்டவணை, ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுக்கு வந்தால் ஈடுசெய் விடுப்பை அந்த மாதத்திலேயே எடுக்க விடுவது. காசு செலவில்லாதவை இவை. விடுதிச் சமையல்காரர் ஒருவரிடம் கேட்டேன். "காலை ஷிப்டா மாலை ஷிப்டான்னு முந்தின ராத்திரிதான் சொல்றாக. அதை மாத்துனா போதும்" என்றார்.

11 ஆகஸ்ட்

சட்டத்தில் பிடி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டவருக்கு.

மகப்பேறு பலன் சட்டத்துக்கு 2017இல் வந்த திருத்தம் "வீட்டிலிருந்து வேலை" என்பதை வெளிப்படையாகவே சேர்த்தது. விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரம் ஆக்கியது அந்தத் திருத்தம்தான். வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்த பிறகு இருவரும் ஒப்புக்கொண்டபடி வீட்டிலிருந்து செய்ய நிர்வாகம் அனுமதிக்கலாம் என்றது. "அனுமதிக்கலாம்"தான், "அனுமதிக்க வேண்டும்" இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் என்பதும் அதிலேயே வந்தது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம், அது தாராளம். ஆனால் 13ஆம் மாதம் குழந்தை ஒரே நாளில் வளர்ந்துவிடுவதில்லையே.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் அரசு நிறுவனங்கள் நியாயமான வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. இங்கே "வேண்டும்". எங்கள் பிரிவில் போலியோவால் கால் பாதித்த உதவியாளர் ஒருவர் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறார். லிப்ட் பாதி நாள் ஓடாது. அவருக்கு இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அண்ணே, நான் வீட்டுக்குப் போக விரும்பல, எனக்கு ஆபீஸ் வரதுதான் சந்தோஷம். கீழ் மாடிக்கு மேசையை மாத்தச் சொல்லுங்க" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

முதியவரைப் பராமரிக்கிற மகனுக்கு எந்தச் சட்டத்திலும் ஒரு வரி கிடைக்கவில்லை. "இது பொம்பளைங்க கேக்குற சலுகையாச்சே" என்று ஒரு நண்பர் கேட்டார். ஆத்தாவுக்கு மலம் கழுவி விடுவதும் நான்தான், கூச்சப்பட என்ன இருக்கிறது?

1 செப்டம்பர்

மனு எழுதி முடித்தேன். ஆறு பக்கம். பிரிவில் 17 பேர், 14 பேர் கையெழுத்துப் போட்டார்கள். போடாத மூன்று பேரில் ஒருவர் நெருங்கிய நண்பர். "வீட்டில் எனக்கு உட்கார இடமே இல்லை, எட்டு மணி நேரம் நிம்மதியாக இருப்பது ஆபீஸில்தான்" என்றார். அவருக்காக ஒரு வரி சேர்த்தேன்: விரும்பாதவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, நாற்காலியை எடுக்கக் கூடாது.

மனுவில் கேட்டவை: வேலை வாரியாகப் பட்டியல், பதவி வாரியாக வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், முகாம் மாதங்களில் கிடையாது. வீட்டு நாளிலும் 5.45க்குப் பிறகு அழைப்பு கிடையாது. கவுண்டருக்கு மாற்று ஆள். மஸ்டர் ரோலில் இருப்பவருக்கும் வீட்டு நாள் ஒரு நாளாகவே எண்ணப்பட வேண்டும். மனுவுக்கு 30 நாளில் எழுத்தில் பதில்.

அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்துப் பதிவு எண் வாங்கிவிட்டேன். 2022இல் எண் வாங்காமல் அதிகாரியிடம் நேரில் கொடுத்தேன், அந்த அனுபவத்தில் கற்றது.

29 செப்டம்பர்

பதில் வந்தது. 30 நாளுக்கு மூன்று நாள் முன்னாலேயே. ஒப்புதல் இல்லை, மறுப்பும் இல்லை. மூன்று கேள்விகளோடு கோப்பு திரும்பியிருக்கிறது: எந்த விதியின் கீழ்? தகவல் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? தினக்கூலியரின் வருகையை எப்படிச் சான்றளிப்பது?

மூன்றாவது கேள்வியைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். அந்த வரியை யாரோ படித்திருக்கிறார்கள்.

முதலாவதற்கு, ஆட்சிக்குழு தீர்மானம் போதும் என்று எழுதப் போகிறேன். இரண்டாவதற்கு, மதிப்பெண் பதிவை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை, அலுவலகக் கணினியைத் தொலைவிலிருந்து திறக்கும் பாதுகாப்பான இணைப்பு, அச்சும் நகலும் எடுக்க முடியாதபடி. கணினி மையத்துத் தம்பி ஒருவர் இன்று மாலை போனில் விளக்குகிறேன் என்றிருக்கிறார்.

மூன்றாவதற்கு அந்தத் தங்கையே ஒரு படிவம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். தேதி, எத்தனை பதிவு, எந்தத் தாள் குறியீடு, சரிபார்த்தவர் கையெழுத்து. நாலு பத்தி. பார்த்தால் ஐயாவின் குறிப்பு நோட்டு மாதிரியே இருக்கிறது. நாளைக் காலை ரயிலில் எடுத்துப் போகிறேன்.

தங்கச்சி, அப்பச்சி எப்படி இருக்காக? எழுதுங்கள்.